தரை வாடகைச் சீட்டும் முப்பது நாளும்

கோவை காட்டூரில் என் தந்தையார் 1967ஆம் ஆண்டு 11 சென்ட் காலி மனையை மாதம் 60 ரூபாய் வாடகைக்குப் பிடித்து, தம் சொந்தச் செலவில் கொட்டகை போட்டு, ஒரே ஒரு லேத்தை வைத்துப் பட்டறை தொடங்கினார். மோட்டார் பம்புக்கான இம்பெல்லரும் ஷாப்டும் கடைந்து கொடுப்பதுதான் அன்றும் இன்றும் எங்கள் தொழில். மனைக்கு உரியவர் சூலூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர். மாதம் தவறாமல் பஸ்ஸில் வந்து, பட்டறை வாசலில் கட்டிலைப் போடச் சொல்லி உட்கார்ந்து, வாடகையை எண்ணி வாங்கிக்கொண்டு, தம் கையாலேயே சீட்டு எழுதித் தருவார். அந்தச் சீட்டுகளை என் தந்தையார் ஒரு கம்பியில் குத்தி, கொட்டகைச் சட்டத்தில் தொங்கவிட்டிருந்தார். எண்ணெய்ப் புகை படிந்து பழுப்பேறிக் கிடந்த அந்தச் சீட்டுக் கட்டுதான் பிற்பாடு எங்கள் பிழைப்பைக் காப்பாற்றப் போகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. அதை எடைக்குப் போடும்படி நானே இரண்டு முறை சொல்லியிருக்கிறேன்.

தந்தையார் 1994இலும் மனைக்காரர் 2001இலும் காலமானார்கள். மனைக்காரரின் மூன்று மகன்களும் பாகம் பிரித்துக்கொள்ள வேண்டி, இடத்தை விற்றுவிடத் தீர்மானித்தார்கள். 2003ஆம் ஆண்டு மூத்தவர் பட்டறைக்கு வந்து, சென்ட் 4 லட்சம் என்றால் எனக்கே தருவதாகச் சொன்னார். நான் செய்த முதல் தவறு அங்கேதான் நடந்தது. நெடுநாள் வாடகைதாரருக்குத்தான் முதலில் வாங்கும் உரிமை உண்டு, அவரைக் கேட்காமல் வெளியாளுக்கு விற்றால் பத்திரமே செல்லாது என்று டீக்கடைப் பெஞ்சில் நான் பல வருடங்களாகக் கேட்டு வந்திருந்தேன். அந்தத் தெம்பில் இரண்டரை லட்சத்துக்கு மேல் ஒரு பைசா தரமாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். போகும்போது அவர் படியில் நின்று, "ஏந்தம்பி, செட்டு உங்கப்பன் போட்டது, செரி. மண்ணு எங்களுதுதானுங்களே?" என்று கேட்டார். எனக்கு அன்று அது வீம்பாகப் பட்டது. இன்று நினைத்தால் அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை.

மூன்று மாதத்தில் இடம் வேறொருவருக்குக் கிரயமாகிவிட்டது. விற்பனையைத் தடுக்க வேண்டும் என்று நான் முதலில் அமர்த்திய வக்கீல் தடையாணை கேட்டு ஒரு வழக்குப் போட்டார். அதற்குச் சட்ட ஆதாரம் எதுவும் இல்லை என்பது இரண்டே வாய்தாவில் தெரிந்துவிட்டது. செலவுதான் மிச்சம். மனை உரிமையாளர் தம் இடத்தை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்பதையும், வாடகைதாரர் என்ற ஒரே காரணத்தால் அதைத் தடுக்க எனக்கு உரிமை இல்லை என்பதையும், வாங்கியவர் பழைய உரிமையாளரின் இடத்தில் வந்து நிற்கிறார் என்பதையும் அப்போதுதான் புரிந்துகொண்டேன்.

புதிய உரிமையாளரிடமிருந்து 15 நாளில் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்த பிறகு, உறவினர் ஒருவர் சொல்லி, வயதான பெண் வக்கீல் ஒருவரிடம் போனேன். நான் அரை மணி நேரம் புலம்பியதை அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நீங்க கொடுக்கறது மண்ணு வாடகையா, கட்டட வாடகையா?" எனக்கு அந்த வித்தியாசமே விளங்கவில்லை. சீட்டு ஏதாவது இருக்கிறதா என்றார். மறுநாள் கம்பியோடு கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, அடியிலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். 1969ஆம் வருடத்துச் சீட்டு ஒன்றில் மனைக்காரரின் கோணல் எழுத்தில், "தரை வாடகை ரூ. 60 பற்று" என்று இருந்தது. அந்த ஒரு சொல்லைத் தான் அவர் தேடிக்கொண்டிருந்தார்.

தமிழ்நாட்டில் வாடகைதாரர் நிலத்தை விலைக்குக் கேட்கும் உரிமை, வக்கீல்கள் 'சிட்டி டெனன்ட்ஸ் ஆக்ட்' என்று சொல்லும் 1921ஆம் ஆண்டின் நகர வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவிலிருந்து வருகிறது. நியாயமான தரை வாடகை கொடுத்துவரும் வரை தங்களை வெளியேற்ற மாட்டார்கள் என்று நம்பிப் பிறர் நிலத்தில் கட்டடம் எழுப்பியவர்களைக் காப்பதே இதன் நோக்கம் என்று அதன் முகவுரையே சொல்கிறது. ஆகவே கட்டடத்தோடு சேர்த்துக் கடையையோ வீட்டையோ வாடகைக்கு எடுத்தவருக்கு, அவர் 50 வருடம் இருந்தாலும், இந்தச் சட்டத்தில் இடமில்லை. மண் மட்டும் ஒருவருடையதாகவும், அதன்மேல் நிற்கும் கட்டடம் வாடகைதாரரோ அவருடைய முன்னோரோ எழுப்பியதாகவும் இருக்க வேண்டும். முதலில் சென்னைக்கு மட்டுமே இருந்த இச்சட்டத்தை 1955ஆம் ஆண்டுத் திருத்தம் பிற நகராட்சிகளுக்கும் விரிக்க வழி செய்தது. 1960ஆம் ஆண்டுத் திருத்தம் மற்ற ஊர்களில் குடியிருப்புக் கட்டடங்களுக்கு மட்டும் என்று அதைச் சுருக்கியபோதும், சென்னையோடு கோவை, மதுரை, சேலம், திருச்சி ஆகிய நகரங்களில் தொழில், வணிகக் கட்டடங்களுக்கும் பாதுகாப்பை விட்டுவைத்தது. அதனால்தான் என் பட்டறை தப்பியது. இதே கொட்டகை வேறொரு சிறு நகராட்சியில் நின்றிருந்தால் வக்கீல் என்னை அப்படியே திருப்பி அனுப்பியிருப்பார்.

காலமும் முக்கியம். சட்டம் ஏற்கெனவே நடைமுறையில் இருந்த ஊர்களில், 1979ஆம் ஆண்டுத் திருத்தம் அமலுக்கு வருமுன் ஏற்பட்ட வாடகை உறவுகளுக்கு மட்டுமே இது பொருந்தும். எங்கள் சீட்டுக் கட்டில் கோவை இன்னும் நகராட்சியாக இருந்த நாளைய கட்டட வரி ரசீதுகளும் இருந்தன. கோவை மாநகராட்சியானது 1981இல். 1969ஆம் வருடத்துச் சீட்டோடு, அந்த ரசீதுகளில் இருந்த முனிசிபாலிடி முத்திரையும் எங்கள் வாடகை அந்தத் திருத்தத்துக்கு முந்தியது என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. மின் இணைப்பும் தந்தையார் பெயரில் இருந்தது. கட்டடம் போட்டது யார் என்ற கேள்விக்கு இந்த இரண்டும் பதில் சொல்லின. இரண்டு தெரு தள்ளி இதேபோல் கொட்டகை போட்டிருந்த நண்பர் ஒருவரால் இந்த வழியில் போக முடியவில்லை. அவருடைய மண் கோயிலுக்குச் சொந்தம். சமய நிறுவனங்கள், சமய அறக்கட்டளைகள் ஆகியவற்றின் நிலங்களை 1996ஆம் ஆண்டுத் திருத்தம் இந்தச் சட்டத்திலிருந்து வெளியே எடுத்துவிட்டது.

வக்கீல் சொன்ன அடுத்த செய்தி எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இந்த உரிமையை நாமாகக் கோர்ட்டுக்குப் போய்க் கேட்க முடியாது. நம்மை வெளியேற்றச் சொல்லி உரிமையாளர் வழக்குப் போட்ட பிறகுதான் அது உயிர் பெறும். அதுவரை காத்திருக்க வேண்டும். ஆனால் வழக்குப் போடுவதற்கும் அவர்களுக்கு ஒரு நிபந்தனை உண்டு. 11ஆம் பிரிவின்படி, கட்டடத்துக்கும் மரங்களுக்கும் இழப்பீடு தர முன்வந்து, மூன்று மாத அவகாசம் கொடுத்து எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். சாதாரண வாடகைக்கான 15 நாள் நோட்டீஸ் போதாது. இதைச் சுட்டி வக்கீல் பதில் எழுதினார். எதிர்த்தரப்பும் விவரம் தெரிந்தவர்கள்தான். முறையாக மறு நோட்டீஸ் அனுப்பி, மூன்று மாதம் கழித்து, 2004ஆம் ஆண்டு வழக்குத் தொடுத்தார்கள்.

இனி நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைக் கலக்கும். சம்மனைப் பெற்றுக்கொண்ட ஒரு மாதத்துக்குள் 9ஆம் பிரிவின்கீழ் மனுப் போட வேண்டும். சம்மன் வந்த அன்று நான் ஒரு மில்லிங் மெஷின் பார்க்க ராஜ்கோட்டுக்குப் போயிருந்தேன். கோர்ட்டு அமீனா வீட்டுக்கு வந்து என் தம்பியிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். தம்பி அதைப் பத்திரமாக வைப்பதாக நினைத்து, பட்டறையில் டிராயிங் தாள்கள் இருக்கும் தகர உறைக்குள் சுருட்டி வைத்துவிட்டு, என்னிடம் சொல்ல மறந்துவிட்டான். ஒரு பம்பு கம்பெனிக்காரர் பழைய டிராயிங் கேட்டு வந்தபோது அந்த உறையைத் தட்டினேன். நீலத் தாள்களுக்கு நடுவிலிருந்து கோர்ட்டு முத்திரையோடு அது விழுந்தது. நாள் எண்ணிப் பார்த்தால் இருபத்து நான்காவது நாள். கை கழுவாமலே, விரலெல்லாம் கட்டிங் ஆயிலோடு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வக்கீல் வீட்டுக்குப் போனேன். தாளின் ஓரத்தில் என் கட்டைவிரல் ரேகை கறுப்பாகப் பதிந்துவிட்டது. இருபத்தொன்பதாவது நாள் மனுத் தாக்கல் ஆனது. வழக்கு வரும் என்று தெரிந்த நாளிலிருந்து, வீட்டிலும் தொழிலிடத்திலும் இருக்கும் அத்தனை பேரிடமும், கோர்ட்டுக் காகிதம் எது வந்தாலும் வாங்கிய தேதியை அதன்மேல் எழுதி அன்றைக்கே என் கையில் தர வேண்டும் என்று சொல்லி வைத்திருக்க வேண்டும். சொல்லவில்லை.

எதிர்த்தரப்பு தூக்கிப் பிடித்தது என் தந்தையார் 1967இல் எழுதிக் கொடுத்த முத்திரைத்தாள் உடன்படிக்கையை. மனைக்காரர் கேட்கும்போது கொட்டகையைப் பிரித்துக்கொண்டு இடத்தை வெறும் தரையாக ஒப்படைப்பதாக அதில் எழுதியிருந்தது. அதைப் படித்ததும் நான் தோற்றுவிட்டதாகவே நினைத்தேன். ஆனால் வாடகைதாரர் செய்துகொள்ளும் ஒப்பந்தம் எதுவும் இச்சட்டம் தரும் உரிமையைப் பறிக்காது என்று 12ஆம் பிரிவு சொல்கிறது. கட்டடம் எழுப்புவது பற்றிப் பதிவு செய்த பத்திரத்தில் எழுதிய நிபந்தனைகளுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. எங்கள் உடன்படிக்கை பதிவாகவில்லை. போதாததற்கு, காலி செய்து ஒப்படைப்பேன் என்ற வாக்குறுதி, கட்டடம் எழுப்புவது பற்றிய நிபந்தனை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1964ஆம் ஆண்டிலேயே சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பு பிறந்ததும் நம் ஊர் வழக்கில்தான். கோவையில் கர்நாடிக் டாக்கீஸ் தியேட்டர் நின்ற மனையைப் பற்றிய வழக்கு அது. 9ஆம் பிரிவு அரசியலமைப்புக்கு உட்பட்டதே என்றும் அதில்தான் உறுதியானது. சினிமா பார்க்கிற கொட்டகையும் லேத் ஓடுகிற கொட்டகையும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றுதான் போலும்.

மனுவில் நான் 11 சென்ட்டையும் கேட்டிருந்தேன். வக்கீல் அப்போதே, "முழுசும் கெடைக்கும்னு மனசுல வெச்சுக்காதீங்க" என்று எச்சரித்தார். வாடகைதாரர் தம் கட்டடத்தை வசதியாக அனுபவிக்கக் குறைந்தபட்சம் எவ்வளவு நிலம் தேவை என்பதைக் கோர்ட் முதலில் தீர்மானிக்க வேண்டும். அந்த அளவுக்குத்தான் விலை நிர்ணயிக்கும். அதற்காக ஒரு வக்கீலைக் கமிஷனராக நியமித்து, சர்வேயருடன் இடத்தைப் பார்க்க அனுப்பினார்கள். கமிஷனர் வந்த நாள்தான் உண்மையில் வழக்குத் தீர்ந்த நாள் என்பேன். கோர்ட்டுக்குள் வக்கீல்கள் பேசியதைவிட அன்று அளவு நாடாவுக்கு முன்னால் நடந்ததற்கே எடை அதிகம்.

வெறும் கொட்டகையைக் காட்டிவிட்டு நின்றிருந்தால் நான் கெட்டிருப்பேன். முதல் நாளே வக்கீல் சொல்லியிருந்தபடி, அன்று காலையில் காஸ்டிங் இறக்க ஒரு லாரியை வரச்சொல்லி வைத்திருந்தேன். லாரி பின்னால் வந்து, திரும்பி, இரும்பை இறக்கிவிட்டு வெளியேற எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதைக் கமிஷனர் கண்ணாலேயே பார்த்துக் குறித்துக்கொண்டார். கொட்டகை 40 அடிக்கு 36 அடி, அதாவது 1,440 சதுர அடி. சாலைக்கு வர 12 அடி அகலத்தில் 30 அடி நீள வழி. சரக்கு இறக்கவும், ஆட்கள் உடை மாற்றும் அறைக்கும் கழிப்பிடத்துக்குமாக 378 சதுர அடி. கூட்டினால் 2,178 சதுர அடி, சரியாக 5 சென்ட். பக்கவாட்டில் பழைய துரு இரும்பு கொட்டி வைத்திருந்த காலி இடத்தை நான் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் அவர் சேர்த்துக்கொள்ளவில்லை. அது தேவை அல்ல, ஆசை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

முன்பக்கம் சாலையை ஒட்டி இருந்த மூன்று கடைகள் கைவிட்டுப் போனதற்கு முழுக்காரணம் நான்தான். என் தந்தையார் கட்டிய அந்தக் கடைகளை 1998இலிருந்து டீக்கடைக்கும் பஞ்சர் கடைக்கும் எலக்ட்ரிகல் கடைக்கும் உள்வாடகைக்கு விட்டு வந்தேன். வீட்டுச் செலவுக்கு ஆகிறதே என்ற எண்ணம்தான். நிலத்தையும் கட்டடத்தையும் தாமே நேரடியாக வைத்துப் புழங்குபவருக்குத்தான் இந்த உரிமை. கட்டடத்தைப் பிறருக்கு விட்டு வாடகை வாங்குபவர் அந்தப் பகுதியை வசதியான அனுபவத்துக்குத் தேவை என்று கேட்க முடியாது. உள்வாடகைக்கு இருப்பவரும் இச்சட்டப்படி வாடகைதாரர் ஆகமாட்டார். சாலை முகப்பு போய்விட்டது. காட்டூரில் முகப்புக்கு என்ன மதிப்பு என்று தெரிந்தவர்களுக்கு நான் எதை இழந்தேன் என்பது புரியும்.

விலை விஷயத்தில் எனக்கு இருந்த நினைப்பும் தலைகீழாகியது. வழக்கு இழுக்க இழுக்க வாடகைதாரருக்குத்தான் லாபம் என்று எல்லோரையும் போல நானும் நம்பினேன். இந்த வழக்கில் அப்படி இல்லை. மனுப் போட்ட நாளின் விலையைக் கோர்ட் எடுத்துக்கொள்வதில்லை. உத்தரவு பிறக்கும் நாளுக்கு முந்திய மூன்று வருடங்களின் சராசரிச் சந்தை மதிப்பே விலை. கோவையில் அந்த வருடங்களில் மனை விலை எப்படி ஏறியது என்பது ஊருக்கே தெரியும். இரு தரப்பும் வாங்கிய ஒவ்வொரு வாய்தாவும் என் கணக்கில் கூடிக்கொண்டே போனது. இது விளங்கிய பிறகு வாய்தா கேட்காமல் நாங்களே வழக்கை விரைவுபடுத்தக் கோரினோம். சார்பதிவாளர் அலுவலகத்தில் சுற்றுவட்டாரக் கிரயப் பத்திரங்களின் நகல்களை நானே எடுத்தேன். எதிர்த்தரப்பு சாலை முகப்புள்ள சிறு மனைகளின் பத்திரங்களைக் காட்டியது. உள்ளடங்கிய என் 5 சென்ட்டுக்கு அவை ஒப்பாகாது என்று, சந்துக்குள் இருந்த மனைகளின் பத்திரங்களை நாங்கள் வைத்தோம். 2008இல் சென்ட்டுக்கு 6.5 லட்சம் வீதம் 32.5 லட்சம் என்று உத்தரவானது. 2003இல் நான் வீம்பு பேசாமல், இந்த 5 சென்ட்டை மட்டும் அன்று அவர்கள் கேட்ட விலைக்கே பேசி முடித்திருந்தால் 20 லட்சத்தில் முடிந்திருக்கும். முகப்பு உள்ள பகுதியாகக்கூடப் பேசியிருக்கலாம். முதல் உரிமை என்ற டீக்கடைச் சட்டம் எனக்கு வைத்த செலவு அது.

பணத்தைக் கோர்ட்டில் கட்ட மூன்று மாதத்துக்குக் குறையாமலும் மூன்று வருடத்துக்கு மேற்படாமலும் தவணை தரலாம். எனக்கு 15 மாதத்தில் மூன்று தவணை கிடைத்தது. நிலம் இன்னும் என் பெயரில் இல்லாததால் அதன்மேல் எந்த வங்கியும் கடன் தராது என்பதை முன்கூட்டியே யோசித்திருக்கவில்லை. அன்னூர்ப் பக்கம் இருந்த பூர்வீகக் காட்டில் என் பாகமும், மனைவியின் நகையும், ராஜ்கோட்டில் வாங்கிய அந்த மில்லிங் மெஷினும் போயின. தவணையில் தவறினால் மனுவே தள்ளுபடியாகிவிடும் என்பதால் கடைசித் தவணையை ஒரு வாரம் முன்னதாகவே சலான் போட்டுக் கட்டினேன். கிரயப் பத்திரத்தின் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் வாடகைதாரர் தலையில்தான் என்பதைக் கடைசியில்தான் கவனித்தேன். அதற்கு மைத்துனரிடம் கைமாற்று வாங்க வேண்டியிருந்தது.

இதைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் கட்டட வாடகைதாரர்களாகவே இருப்பீர்கள். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம், கட்டடத்தை முதலில் வாங்கும் உரிமை எதையும் உங்களுக்குத் தரவில்லை. அந்த உரிமை வேண்டுமானால் வாடகை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். எழுதும்போது, "விற்றால் எனக்கே தர வேண்டும்" என்று மொட்டையாக எழுதாமல், உரிமையாளர் விற்க நினைத்தால் வெளியாள் தரும் விலையை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும், அதே விலைக்கு வாங்குவதா என்று சொல்ல இத்தனை நாள் அவகாசம், முன்பணம் இவ்வளவு, கிரயம் முடிக்க இத்தனை நாள் என்று விவரமாக எழுதி, ஒப்பந்தத்தைப் பதிவும் செய்துகொள்ளுங்கள். என் மகன் சிங்காநல்லூரில் எடுத்திருக்கும் குடோனுக்கு அப்படித்தான் எழுதியிருக்கிறோம். உரிமையாளர் முகம் சுளிக்கத்தான் செய்தார். மாதம் 500 ரூபாய் வாடகையைக் கூட்டியதும் கையெழுத்துப் போட்டார்.

2010இல் பத்திரம் பதிவான மறு வாரமே, கோர்ட் உத்தரவுப்படி மீதி 6 சென்ட்டை ஒப்படைத்தேன். பஞ்சர் கடைக்காரரும் எலக்ட்ரிகல் கடைக்காரரும் முன்பே வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். டீக்கடைக்காரர் மட்டும் கடைசி நாள் வரை பாய்லரை அணைக்கவில்லை. அட்வான்ஸ் 20,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் எண்ணிப் பார்த்து மடியில் வைத்துக்கொண்டு, "ஏனுங்க, பன்னெண்டு வருசம் நானும் வாடகை குடுத்தேனுங்களே, எனக்கு ஒண்ணும் இல்லீங்களா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. சாயங்காலம் ஜேசிபி வந்து அந்த மூன்று கடைகளையும் இடித்தது. அடுத்த மாதம் எழும்பிய காம்பவுண்டுச் சுவரை ஒட்டித்தான் இப்போது லாரி 12 அடி வழியில் பின்னால் வந்து திரும்புகிறது. டிரைவர்கள் அந்தச் சுவரை இரண்டு முறை உரசிவிட்டார்கள்.